கிரிஜா காட்டிய ஊர்

கிரிஜா ஜம்புநாதன் எடுத்த புகைப்படங்கள் சென்னையிலும் திருச்சியிலும் டெல்லியிலும் எத்தனையோ வீட்டு ஆல்பங்களில் இருக்கின்றன. மலைமேல் நின்று ஊரைப் பார்ப்பவர்கள், பெரிய பச்சைக் குவிமாடத்துக்குக் கீழே கூட்டமாக நிற்பவர்கள், குதிரை வண்டியில் கோட்டும் புடவையுமாக உட்கார்ந்திருப்பவர்கள். எதிலும் அவள் இருக்கமாட்டாள். காமிராவை அவள் கையில் கொடுத்துவிட்டு மற்ற எல்லோரும் வரிசையாக நிற்பார்கள்.

எங்கள் ஆல்பத்திலும் அப்படி ஆறு படங்கள் உண்டு. 1971 ஜூனில் எடுத்தவை. நானும் என் கணவர் ஜெயசங்கரும் அப்போது அமெரிக்காவில், சிரக்யூஸில் இருந்தோம். மூன்று நாள் லீவு கிடைத்தது, எல்லை தாண்டிக் கனடாவில் மொன்ட்ரியால் பார்க்கலாமென்று கிளம்பினோம். முன்பின் தெரியாத கிரிஜா வீட்டில்தான் தங்கினோம். அந்த மூன்று நாளில் நான் அவளிடம் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அது அதன் இடத்தில் வரும்.

கிரிஜா திருச்சிக்காரி. தாவரவியலில் பட்டம் வாங்கியவள். கல்யாணமாகி 1967 பிப்ரவரியில் மொன்ட்ரியாலில் வந்து இறங்கியபோது அவளுக்கு இருபத்திநாலு வயது. கணவர் ஜம்புநாதன் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் ஆசிரியர். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இரண்டு அறை அபார்ட்மெண்ட். ஜன்னலைத் திறந்தால் ஆரட்டரி தெரியும். மலைச்சரிவில் கட்டிய பிரம்மாண்டமான செயின்ட் ஜோசப் கோயில் அது. தரையிலிருந்து வாசல் வரை நீளமான படிக்கட்டு. அதன் நடுவரிசையில் தொண்ணூற்றொன்பது மரப்படிகள், முழங்காலால் ஏறி வேண்டிக்கொள்கிறவர்களுக்காக.

அவள் வந்த இரண்டு மாதத்தில் உலகப் பொருட்காட்சி தொடங்கியது. ஆற்றின் நடுவே தீவு எழுப்பி, நாட்டுக்கு நாடு கட்டடம் கட்டி, உலகமே வந்து பார்த்தது. கூடவே ஜம்புநாதனுக்குக் கடிதங்களும் வந்தன. "தங்கள் விலாசத்தை இன்னார் கொடுத்தார்" என்று தொடங்கும் கடிதங்கள். சித்தப்பாவின் சம்பந்தி, கூடப் படித்தவனின் மேலதிகாரி, அரசாங்கச் செலவில் வரும் அதிகாரி, அவர் மனைவி, மனைவியின் தம்பி. ஜம்புநாதன் ஒருவருக்கும் முடியாது என்று எழுதியதில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. 1959-ல் அவர் மாணவராக இந்த ஊருக்கு வந்தபோது தமிழ் பேச ஒரு ஆள் இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஹாஸ்டலை மூடிவிட்டார்கள். பதினோரு நாள் ஒரு வாடகை அறையில் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாராம். அதற்குப் பிறகு யார் வருகிறேன் என்றாலும் அவரால் கதவைச் சாத்த முடியவில்லை.

கதவைத் திறந்தது அவர். வந்தவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டியது கிரிஜா.

அவருக்கு லேப் இருந்தது, வகுப்பு இருந்தது. "நீ ஆத்துலதானே இருக்கே, ஒரு எட்டு அழைச்சிண்டு போயிட்டு வந்துடு" என்பார். தப்பாகச் சொல்லமாட்டார், கெஞ்சுகிற மாதிரிதான் சொல்வார். ஊருக்கு வந்து இரண்டே மாதமான பெண், கையில் மேப்பை வைத்துக்கொண்டு, தனக்கே தெரியாத ஊரை மற்றவர்களுக்குக் காட்டினாள். அந்தக் கோடையில் மட்டும் முப்பது பேருக்கு மேல் வந்து போனார்கள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து தயிர்சாதமும் எலுமிச்சை சாதமும் டப்பாக்களில் அடைப்பாள். ஃபிளாஸ்க்கில் காபி. புதிதாக ஓடத் தொடங்கியிருந்த மெட்ரோவில் ஆற்றுக்கு அடியில் போய்த் தீவில் இறங்குவார்கள். அமெரிக்காவின் கண்ணாடிப் பந்து மாதிரியான கட்டடத்துக்கு ஒன்றரை மணி நேர வரிசை. உள்ளே போனதும், "அப்பா, எவ்வளவு பெரிசு" என்று அண்ணாந்து பார்ப்பார்கள். அவளும் பார்ப்பாள். ஆறாவது தடவைக்குப் பிறகு அவள் அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டாள். உட்கார எங்கே இடம் இருக்கிறது என்றுதான் கண் தேடும்.

பொருட்காட்சி அக்டோபரில் முடிந்தது. விருந்தாளிகள் முடியவில்லை. அடுத்த வருஷமே அதே தீவில் அதே கட்டடங்களை வைத்து நிரந்தரக் கண்காட்சி தொடங்கிவிட்டார்கள். அதற்குள் கிரிஜாவிடம் ஒரு பாதை உருவாகிவிட்டிருந்தது. முதல் நாள் ஆரட்டரி, எதிரே மெழுகு பொம்மை மியூசியம், பிறகு மலைமேல் போய் ஊரைப் பார்ப்பது. இரண்டாம் நாள் பழைய ஊர், மாதா கோயில், குதிரை வண்டி, துறைமுகம். மூன்றாம் நாள் தீவு. நேரம் மிச்சமிருந்தால் தாவரவியல் தோட்டம். அவளுக்குப் பிடித்தது அந்தத் தோட்டம் ஒன்றுதான். ஆனால் வந்தவர்கள் கண்ணாடி வீட்டுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "நம்மூர் வாழைதானே இது" என்று வெளியே வந்துவிடுவார்கள்.

1968 மே மாதம் ஜம்புநாதனுக்குக் கல்லூரியில் பிரின்சிபலாக இருந்தவரும் அவர் மனைவியும் வந்தார்கள். கிரிஜா அப்போது மூன்று மாத கர்ப்பம். ஜம்புநாதனுக்கு மட்டும் தெரியும். ஊருக்குக்கூட இன்னும் எழுதவில்லை. முதல் நாள், வழக்கம்போல ஆரட்டரி. பிரின்சிபலின் மனைவிக்கு ஐம்பத்தெட்டு வயது. கீழே நின்று படிகளைப் பார்த்தவர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"ஏறியே பார்த்துடலாம்."

"மாமி, நான் இங்கேயே இருக்கேனே" என்றாள் கிரிஜா.

"நன்னாருக்கு. நான் ஏறறேன், நீ சின்னப் பொண்ணு கீழே உக்காந்திருப்பியா?"

காரணத்தைச் சொல்ல அவளுக்குக் கூச்சம். முதல் நாள் பார்த்தவர்களிடம் அதை எப்படிச் சொல்வது. ஏறினாள். கையில் சாப்பாட்டுப் பை, தோளில் அவர்கள் காமிரா. மேலே போய் உள்ளே எல்லாவற்றையும் காட்டினாள். நடக்க முடியாதவர்கள் குணமாகி விட்டுப் போனதாகச் சொல்லும் ஊன்றுகோல்கள் சுவரெல்லாம் தொங்கின. அவற்றைப் பற்றி விளக்கினாள். பிறகு இறங்கினாள். மறுநாள் பழைய ஊர். மூன்றாம் நாள் விடிகிறபோது அடிவயிற்றில் வலி. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு வெறுமையாகத் திரும்பி வந்தாள்.

டாக்டர் நல்ல மனுஷர். "மாடிப்படி ஏறியது, நடந்தது, எதனாலும் இல்லை. இது தானாக நடப்பது" என்று இரண்டு தடவை சொன்னார். கிரிஜா தலையை ஆட்டினாள். படி ஏறியதைத் தன் கணவரிடம் அவள் சொல்லவில்லை. அவரும் அந்த மூன்று நாள் எங்கே போனார்கள், என்ன பார்த்தார்கள் என்று கேட்கவில்லை. பிரின்சிபல் தம்பதியிடம் வயிற்றுவலி என்று சொல்லிப் பாஸ்டனுக்கு பஸ்ஸேற்றி அனுப்பினார். அடுத்த விருந்தாளிகள் ஜூன் மாதம் வருவதாக ஏற்கனவே கடிதம் வந்திருந்தது. வந்தார்கள். ஆரட்டரி பார்க்க வேண்டும் என்றார்கள். அழைத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் படிகளில் ஏறவில்லை. கீழே ஒரு பெஞ்சு உண்டு. பைகளை வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்துவிடுவாள். முழங்கால் வலி என்பாள். இருபத்தைந்து வயதில் முழங்கால் வலியா என்று சிரித்தவர்கள் உண்டு. வேறு குழந்தையும் பிறக்கவில்லை.

இதெல்லாம் தெரியாமல்தான் 1971-ல் நான் அந்தப் பெஞ்சின் முன்னால் நின்றேன். எனக்கு இருபத்தைந்து வயது. ஜெயசங்கர் பாதிப் படி ஏறியிருந்தார். நான் திரும்பி கிரிஜாவிடம் சொன்னேன்.

"இங்கே வேண்டிண்டா நடக்குமாமே. நீங்களும் ஒரு தடவை ஏறி வேண்டிக்கோங்களேன். அடுத்த வருஷமே ஒரு குழந்தை பொறக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. "நீங்க போயிட்டு வாங்கோ, நான் பையைப் பார்த்துக்கறேன்" என்றாள். எனக்கு முன்னாலும் பின்னாலும் பத்துப் பதினைந்து பெண்கள் அதையே சொல்லியிருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதனால் என் உறுத்தல் குறையவில்லை.

1972-ல் அவர்கள் புறநகரில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கினார்கள். வீட்டில் தரைக்குக் கீழே பேஸ்மெண்ட் இருந்தது. ஜம்புநாதன் சந்தோஷமாக அங்கே நான்கு கட்டில் போட்டார். இடம் பெரிதானதும் வருகிறவர்கள் இன்னும் நாள் கூட்டித் தங்கினார்கள். கிரிஜா கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மெட்ரோவில் தொங்கிக்கொண்டு போனவள் இப்போது ஹைவேயில் முக்கால் மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனாள். பின் சீட்டிலிருந்து, "நயாகரா இங்கேர்ந்து எவ்வளவு தூரம்? சாயங்காலத்துக்குள்ள போயிட்டு வந்துடலாமா?" என்று கேட்பார்கள். ஏழு மணி நேரம் என்று பொறுமையாகச் சொல்வாள்.

அடுத்த வருஷம் ஜெயசங்கருக்கு மொன்ட்ரியாலில் வேலை கிடைத்து, நாங்களும் அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிவந்தோம். அந்த வருஷம்தான் ஆரட்டரியில் கண்ணாடிக் குடுவையில் வைத்திருந்த அந்தக் கோயிலை எழுப்பிய சாமியாரின் இதயத்தை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். அது திரும்பக் கிடைக்கக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆயிற்று. வருகிறவர்கள் எல்லோரும் அது இருந்த இடத்தைக் காட்டச் சொன்னார்கள். "இருந்தபோது பார்த்தவாளைவிட, இல்லாதபோது பார்க்க வந்தவாதான் ஜாஸ்தி" என்று கிரிஜா ஒருநாள் சொன்னாள். சிரிக்கவில்லை. அந்த நாட்களில் அவள் பேசும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவாள். அடுத்தது என்ன சொல்ல வந்தோம் என்று தேடுகிற மாதிரி இருக்கும். கேட்டால், "தூக்கம் போறலை" என்பாள்.

1974 செப்டம்பரில் பாலசந்திரன் என்று ஒருவர் வந்தார். மதுரைக்காரர், பொதுப்பணித்துறை எஞ்சினியர். அணைக்கட்டு சம்பந்தமாக மூன்று வாரத்தில் ஆறு ஊர் சுற்றிவிட்டு ஏழாவதாக இங்கே வந்திருந்தார். முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு கிரிஜா சாப்பாட்டுப் பையோடு தயாராக நின்றாள். அவர் பனியனும் வேட்டியுமாக பேஸ்மெண்டிலிருந்து ஏறி வந்தார்.

"கிளம்பலாமா சார்? முதல்ல ஆரட்டரி..."

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. நான் எதையும் பார்க்கறதா இல்லை" என்றார். "மூணு வாரமா பார்த்துக்கிட்டே இருக்கேன். கண்ணு வலிக்குது. எங்கயாவது சும்மா உட்காரலாம்னா வர்றேன். இல்லாட்டி இங்கயே தூங்கறேன்."

கிரிஜாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எதையும் பார்க்க வேண்டாம் என்று ஏழு வருஷத்தில் ஒருவரும் சொன்னதில்லை. கடைசியில் தாவரவியல் தோட்டத்துக்கு ஓட்டினாள். தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒலிம்பிக் மைதானம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வானத்தில் பத்துப் பதினைந்து கிரேன்கள். அவர் அதைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குளத்தோரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சாதத்தைச் சாப்பிட்டார். அவள் மரங்களின் பெயரைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார்.

"நான் போனப்புறம் யார் வர்றாங்க?" என்று கேட்டார்.

"பத்தாம் தேதி ரெண்டு பேர். அப்பறம் மாசக் கடைசியில ஒரு குடும்பம்."

"உங்களுக்கு அலுக்கலையா?"

கிரிஜா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இல்லை என்றுதான் சொல்ல நினைத்தாளாம். வந்தது வேறு. படி ஏறியதை, மூன்றாம் நாள் விடியற்காலையை, டாக்டர் சொன்னதை, பெஞ்சை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அழவில்லை. பஸ் நம்பர் சொல்கிற குரலில் சொன்னதாக என்னிடம் பின்னால் சொன்னாள். "டாக்டர் சொன்னதை மனசு நம்பித்து. கால் நம்பலை."

பாலசந்திரன் சாப்பிட்ட டப்பாவை மூடினார்.

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"குழந்தை போனது தெரியும். படி ஏறினது தெரியாது."

"எங்க வேலைல ஒரு சுவர் விரிசல் விட்டுச்சுன்னா ஏன் விட்டுச்சுன்னு எழுதித் தரச் சொல்வாங்க" என்றார். "பாதித் தடவை எனக்குத் தெரியாது. தெரியலைன்னு எழுதினா ஒத்துக்க மாட்டாங்க. ஏதாவது ஒண்ணை எழுதணும். எழுதி எழுதி, நான் எழுதினதையே நான் நம்ப ஆரம்பிச்சிருக்கேன்." டப்பாவைப் பையில் வைத்தார். "எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியலைம்மா."

நான்கு நாள் இருந்தார். நான்கு நாளும் தோட்டம்தான். ஊருக்குப் போனதும் நன்றி சொல்லி ஒரு கார்டு போட்டார். பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

அந்தப் பேச்சு உடனே எதையும் மாற்றிவிடவில்லை. பத்தாம் தேதி இரண்டு பேர் வந்தார்கள், அழைத்துக்கொண்டு போனாள். இன்னும் ஒன்றரை வருஷம் அப்படியே போயிற்று. ஒரே ஒரு வித்தியாசம், அவள் கணக்கு வைக்க ஆரம்பித்திருந்தாள். ஆட்களை அல்ல, பெஞ்சில் உட்காரும் நேரத்தை. இன்றைக்கு நாற்பது நிமிஷம், இன்றைக்கு ஐம்பத்தைந்து என்று. எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

1976-ல் ஒலிம்பிக்ஸ். ஜனவரியிலிருந்தே கடிதங்கள். கோடை முழுக்க மூன்று கும்பல் வருவதாக ஜம்புநாதன் ஒத்துக்கொண்டுவிட்டார். அதற்கு முன்னாலேயே, மே மாதம், கோயம்புத்தூரிலிருந்து ஒரு மில் மானேஜரும் அவர் மனைவியும் வந்தார்கள். மூன்றாம் நாள் பிற்பகல், கிரிஜா அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு தீவுக்குப் போனாள். பாலத்தில் ஏறியதும் கண்ணில் பட்டது கறுப்புப் புகைதான். மரங்களுக்கு மேலே தூண் மாதிரி எழுந்து நின்றது. பக்கத்து வரிசையில் வண்டிகள் மெதுவாயின. அந்தப் பெரிய கண்ணாடிப் பந்து எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி என்று எல்லோரும் சொன்னாலும் அது பிளாஸ்டிக். அரை மணி நேரத்தில் மேல்தோல் முழுக்க எரிந்து, இரும்புக் கூடு மட்டும் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று ரேடியோவில் சொன்னார்கள்.

"அடடா, அதைப் பார்க்கத்தானே வந்தோம்" என்றார் மானேஜர். "இப்ப வேற எதைப் பார்க்கறது?"

கிரிஜா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருத்தமா என்று யோசித்துப் பார்த்தாளாம். வருத்தம் இல்லை. இனிமேல் இந்த ஒரு இடத்துக்கு வர வேண்டாம் என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. அந்த நினைப்பு வந்ததே அவளைப் பயமுறுத்தியது.

"ஆத்துக்குப் போலாம்" என்றாள். பாலத்தின் அந்தப் பக்கம் போய், வண்டியைத் திருப்பி, வீட்டுக்கு ஓட்டினாள். வழியெல்லாம் அந்த அம்மாள் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார். பதில் சொன்னாளா என்று நினைவில்லை.

சாயங்காலம் ஜம்புநாதன் வந்ததும் சமையலறையில் நிற்கவைத்துச் சொன்னாள்.

"ஜூலையில வரவாளை நான் அழைச்சிண்டு போகமாட்டேன்."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை. நான் போகமாட்டேன், அவ்வளவுதான்."

"வரச் சொல்லி எழுதியாச்சே கிரிஜா. இப்போ என்னன்னு எழுதறது?"

"எழுத வேண்டாம். வரட்டும், சாப்பாடு போடறேன். ஊரை நீங்க காட்டுங்கோ. ஒன்பது வருஷமா நான் காட்டியாச்சு."

அவர் வாதாடவில்லை. வாதாடுகிற சுபாவம் இல்லை. ஆனால் நாலைந்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஜூலையில் இரண்டு வாரம் லீவு எழுதிக் கொடுத்தார்.

டெல்லியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். அவருடைய ஒன்றுவிட்ட தம்பியும் ஆபீஸ் நண்பர்களும். ஹாக்கி பார்க்க வந்தவர்கள். மாட்ச் இல்லாத ஒருநாள் ஜம்புநாதன் அவர்களை அழைத்துக்கொண்டு கிளம்பினார். பதினேழு வருஷமாக அந்த ஊரில் இருப்பவர். லேப், வீடு, கடை, இவற்றைத் தவிர வேறு எந்த இடத்துக்கும் வழி தெரியாது. பெர்ரி மெட்ரோ நிலையத்தில் தப்பான ரயிலில் ஏறி ஊரின் வேறு மூலைக்குப் போனார்கள். பழைய ஊரில் மாதா கோயிலைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம். கடைசியில் ஆரட்டரி. நாற்பதைத் தாண்டியவர் வெயிலில் அத்தனை படியும் ஏறி இறங்கினார். வீட்டுக்கு வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டார். விருந்தாளிகள் கீழே டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரிஜா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கோயில்ல இத்தனை படின்னு நீ சொல்லவே இல்லையே" என்றார். "ஒன்பது வருஷமா எப்படி ஏறி இறங்கினே?"

"நான் ஏறினதில்லை. கீழே உக்காந்துண்டிருப்பேன். ஒரே ஒரு தடவை ஏறினேன்."

"எப்போ?"

"பிரின்சிபல் வந்தபோது. மாமி கூப்பிட்டா."

அவர் முதலில் சாதாரணமாகத் தலையை ஆட்டினார். பிறகு தலை நின்றது. பிரின்சிபல் வந்தது எந்த வருஷம், எந்த மாதம் என்று அவர் மனசுக்குள் போவதை அவள் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"டாக்டர் அதனால இல்லேன்னு சொன்னாரே" என்றார்.

"சொன்னார்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேக்கலை. எங்கே போனேள், என்ன பார்த்தேள்னு ஒரு நாளும் கேட்டதில்லை. அன்னிக்கு மட்டும் இல்லை, என்னிக்குமே."

ஜம்புநாதன் வாளியிலிருந்து காலை எடுக்கவில்லை. தண்ணீர் ஆறிப்போகும்வரை அப்படியே இருந்தார். ஒன்றுவிட்ட தம்பி படியேறி வந்து, நாளைக்கு என்ன புரோகிராம் என்று கேட்டார். "நாளைக்கு நானும் கிரிஜாவும் வெளியில போறோம்" என்றார் ஜம்புநாதன். "மேப் தரேன். நீங்க பார்த்துக்கோங்கோ." தம்பிக்குப் புரியவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேப்பை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் இருவரும் காரில் கிளம்பினார்கள். எங்கே போவதென்று அவருக்கும் தெரியவில்லை, அவளும் சொல்லவில்லை. பாயின்ட்-க்ளேரில் ஏரிக்கரையோரம் வண்டியை நிறுத்தினார். இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். படகுகள் போயின. மத்தியானம் தெப்பானர் என்கிற பெட்டிக்கடை ஒன்றில் சிப்ஸும் சோடாவும் வாங்கி வந்தார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் கேட்டார்.

"ஆணா, பெண்ணா?"

"சொல்லலை. நானும் கேக்கலை."

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். எட்டு வருஷத்துக்கு அப்புறம் அழுகிறாரே என்று முதலில் அவளுக்குக் கோபம் வந்ததாம். பிறகு கோபப்படவும் தெம்பு இல்லை. கையை எடுத்து அவர் முதுகில் வைத்தாள். "அப்படியே தூங்கிட்டேன்டி" என்று என்னிடம் சொன்னாள். "அவர் அழுதுண்டிருக்கார், நான் தூங்கறேன். எழுந்து பார்த்தா மணி நாலு."

இந்திய ஹாக்கி அணி அந்த ஒலிம்பிக்ஸில் ஏழாவது இடத்துக்குப் போனது. டெல்லிக்காரர்கள் முகம் தொங்கிப்போய் ஊர் திரும்பினார்கள். ஊரில் போய் ஜம்பு மாறிவிட்டான், பெண்டாட்டி பேச்சைக் கேட்டு ஆடுகிறான், வந்தவர்களிடம் மேப்பைக் கொடுத்து அனுப்புகிறான் என்று சொன்னார்கள். அவருடைய அத்தை ஒருத்தி அதற்குப் பிறகு கடிதமே போடவில்லை. பழி முழுக்க கிரிஜாமேல் விழுந்தது. அவள் மறுக்கவில்லை. ஜம்புநாதன் ஒருமுறை அத்தைக்கு விளக்கி எழுத உட்கார்ந்தார். அவள்தான் வேண்டாமென்றாள்.

அதற்குப் பின் வந்த கடிதங்களுக்கு அவர் ஒரே மாதிரிப் பதில் எழுதினார். ஒருநாள் சாப்பிட வாருங்கள், தங்குவதற்கு டவுன்டவுனில் நல்ல ஹோட்டல்கள் இருக்கின்றன, பேருந்தில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று. எழுதும்போது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மாணவனாகப் புதிதாக வந்து தனியாக இருக்கும் யாராவது எழுதினால் மட்டும் அவருக்கு மனசு கேட்காது. கிரிஜாவைக் கேட்பார். அவளும் வரச் சொல்வாள். அவர்கள் ஊர் பார்க்க வரவில்லை, சாதம் சாப்பிட வந்தார்கள்.

அந்த வருஷம் அக்டோபரில் கிரிஜாவுக்கு வேலை கிடைத்தது. ஒரு கல்வி நிறுவனத்தின் கீழ்த்தளத்தில், உலர்த்திய செடிகளைத் தடித்த தாளில் ஒட்டி, எங்கே எப்போது யார் பறித்தது என்று எழுதி, பீரோவில் அடுக்கும் வேலை. மேற்பார்வைக்கு இருந்த மதாம் கூலோம்ப் பிரெஞ்சு மட்டும்தான் பேசுவார். கிரிஜாவுக்கு பொன்ஜூர், மெர்சிக்கு மேல் தெரியாது. ஆனால் செடியின் பெயர் லத்தீனில்தானே. இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது. முதல் மாதங்களில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவாளாம். மதாம் எழுப்புவதில்லை. விளக்கை அணைத்துவிட்டு வெளியே போய்விடுவார்.

களைப்பு ஒரு வருஷத்தில் போய்விட்டதா என்றால், இல்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் போன் செய்தால் ஜம்புநாதன்தான் எடுப்பார். "தூங்கறா" என்பார். எழுப்பட்டுமா என்று கேட்கமாட்டார்.

1978-ல் என் அம்மா ஊரிலிருந்து வந்தபோது நானே கார் ஓட்டி எல்லா இடத்தையும் காட்டினேன். மூன்றாம் நாள் கால் வீங்கிப் படுத்துவிட்டேன். கிரிஜா ரசம் கொண்டுவந்து கொடுத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். 1971-ல் அந்தப் பெஞ்சின் முன்னால் நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதற்கு ஏழு வருஷம் ஆகியிருந்தது.

"நீ சொன்னியா?" என்றாள். "எத்தனையோ பேர் சொன்னா. யார் யார்னு ஞாபகம் இல்லை."

அது நிஜமா, என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதா தெரியவில்லை. ரசத்தை ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னாள். மறுநாள் வேலைக்குப் போக வேண்டும், வடக்கிலிருந்து ஒரு பெட்டி நிறையப் பாசிச்செடிகள் வந்திருக்கின்றன, பிரித்து வைப்பதற்கு வாரக்கணக்காகும் என்று சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்து போனாள்.